பழைய படைக் கட்டடம் நூலகமாகும்போது: வடசென்னையில் கிடைக்கும் பொருளும் வேலையும், ஒரு மதிப்பீடு

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் படைக் கொட்டடி, ஆயுதக் கிடங்கு, மதிலை ஒட்டிய காவல் அறை என்று எந்தக் கட்டடத்தை எடுத்துக்கொண்டாலும், அதை நூலகமாக்க அடிப்படையாகச் சில வேலைகள் உண்டு: சுண்ணாம்புப் பூச்சு, கூரை, புத்தக அலமாரி, ஈரக் கட்டுப்பாடு, மின்சாரம், கறையான் மருந்து, தீத்தடுப்பு. எல்லாமே மண்ணடியிலிருந்து அம்பத்தூருக்குள் கிடைத்துவிடும். இங்கே மதிப்பிடுவது அந்தப் பொருள்களையும் வேலைகளையும்தான். எந்தக் கடைக்கும் நிறுவனத்துக்கும் பெயர் சொல்லவில்லை. கேட்டு வாங்க வேண்டியது என்ன, கொடுத்தால் திருப்பி அனுப்ப வேண்டியது என்ன என்று மட்டும் சொல்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட திட்டங்களில் பணம் தலைகீழாகச் செலவாகிறது. ஃபால்ஸ் சீலிங், கண்ணாடிக் கதவு, ஏசி, பளபளக்கும் டைல்ஸ் முதலில் வருகின்றன. சுவரிலும் கூரையிலும் இருக்கும் ஈரத்தைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் புத்தகத்தின் முதுகில் பூஞ்சை வெள்ளையாகப் படரும். அதற்குள் ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலம் முடிந்திருக்கும்.

படைக் கட்டடத்தை நூலகமாக்குவது உலகில் புதிய காரியமில்லை. மாட்ரிட் நகரின் கோண்டே டூக்கே, 1717இல் பெத்ரோ தெ ரிபேரா வடிவமைப்பில் தொடங்கிய அரச மெய்க்காவல் படையின் கொட்டடி; இன்று அதற்குள் நூலகமும் நகர ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. மெக்சிகோ நகரின் லா சியுதாதெலா புகையிலை ஆலையாகத் தொடங்கி, ராணுவத்தின் ஆயுதக் கிடங்காகி, 1946இல் மெக்சிகோ நூலகமானது. இரண்டிலும் பருமனான சுவர், நீண்ட கூடம், நடுவில் திறந்த முற்றம். அந்த அமைப்பு நூலகத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் மாட்ரிட்டின் காற்று வறண்டது. துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில், உப்புக் காற்றில், வடகிழக்குப் பருவமழையில் நிற்கும் கட்டடத்துக்கு அங்கே செய்ததையே செய்ய முடியாது.

சட்டத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். 1758–59இல் லாலியின் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்ட பிறகு, அன்றைய கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதி) சுற்றி எழுந்த மதிலின் மிச்சம் ராயபுரம் பக்கத்தில், மாடிப் பூங்காவாக இருக்கிறது. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. பழுதுபார்ப்புக்கே அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டு வட்டம். லிஃப்ட் கோபுரம், கழிப்பறைத் தொகுதி, ஜெனரேட்டர் அறை எல்லாம் புதுக் கட்டுமானக் கணக்கில்தான் வரும். வரைபடம் போடுவதற்கு முன்னாலேயே இந்த வட்டங்களை அளந்து குறித்துத் தராத கட்டட ஆலோசகருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

சுண்ணாம்பு வேலை

இதில்தான் நூலகம் நிற்கும் அல்லது கெடும். இந்தக் கட்டடங்களின் சுவர், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல். இரண்டு அடி, மூன்று அடிப் பருமன் சாதாரணம். தரைக்கு அடியில், நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் ஓதத் தடுப்புப் பட்டை கிடையாது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகும். ஏறுவதும் போவதும் சமமாக இருக்கும் வரை சுவர் நலமாக இருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. முன்பு ஓரடி உயரத்தில் நின்ற ஓதம் நாலடிக்குப் போகிறது. கூடவே உப்பும் வருகிறது. உப்பு காயும்போது படிகமாகி விரிவதால் செங்கல்லின் முகமே பொரிந்து மாவாக உதிரும். வால்புட்டி, எமல்ஷன் பெயின்ட், மூன்றடி உயர டைல்ஸ் ஆகியவையும் இதே கேட்டைத்தான் செய்கின்றன. "ஓதம் வராமல் இருக்க டைல்ஸ் ஒட்டிடலாம் சார்" என்று சொல்லும் மேஸ்திரி, ஓதத்தை டைல்ஸுக்கு மேலே அனுப்பி வைக்கிறார்.

ஆகவே முதல் வேலை, முன்பு யாரோ பூசிய சிமென்ட்டைக் கொத்தி எடுப்பது. இதற்கு இடிக்கும் மெஷினை விடவே கூடாது. பழைய செங்கல் மிருது. சிமென்ட் அதைவிடக் கடினம். மெஷின் அதிர்வில் செங்கல்லின் முகம் சிமென்ட்டோடு சேர்ந்து பெயர்ந்துவிடும். கைச் சுத்தியலும் தட்டை உளியும்தான் சரி. சதுர அடிக் கணக்கில் கூலி பேசினால் மெஷின் வந்தே தீரும். நாள் கூலிக்குப் பேசுங்கள்.

கொத்திய சுவரை உடனே பூசக் கூடாது. குறைந்தது ஒரு வெயில் காலமாவது ஆற விட வேண்டும். உப்பு மிகுந்த இடங்களில் காகிதக் கூழ்ப் பற்று போடலாம்: பசை சேர்க்காத தாளை ஊறவைத்துக் கூழாக்கி, வெள்ளைக் களிமண் கலந்து, காய்ச்சி வடித்த நீரில் பிசைந்து, சுவரில் அரை அங்குலத்துக்கு மேல் அப்பி, முழுக்கக் காயும் வரை விட்டுப் பெயர்த்து எடுப்பது. சுவரில் உள்ள உப்பு நீரில் கரைந்து பற்றுக்குள் வந்துவிடும். ஒருமுறை போதாது, இரண்டு, மூன்று முறை தேவைப்படும். தாளுக்கு ஆண்டர்சன் தெருவில் விசாரிக்கலாம். போர்வெல் தண்ணீரில் இந்தப் பற்றைப் பிசைந்தால் உப்பை எடுப்பதற்குப் பதிலாக ஏற்றிவிடும். வடசென்னையில் நிலத்தடி நீரின் நிலைமை எல்லோருக்கும் தெரியும்.

இப்போது பொருள். சந்தையில் இரண்டு வகை: மூட்டையில் வரும் ரெடிமிக்ஸ் சுண்ணாம்புக் கலவை, தொட்டியில் ஊறிய சுண்ணாம்பு.

ரெடிமிக்ஸில் வேலை வேகம், கலவை ஒரே சீர். ஆனால் "லைம் பிளாஸ்டர்" என்று அச்சிட்ட மூட்டைக்குள் வெள்ளை சிமென்ட் இருப்பது உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி: கலவையை எலுமிச்சை அளவுக்கு உருட்டி, காற்றுப் புகாமல் பாலித்தீன் பையில் கட்டி வைத்துவிடுங்கள். சுத்தமான சுண்ணாம்பு, காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். பைக்குள் நாள் கணக்கில் மெத்தென்றே இருக்கும். மறுநாளே கல்லாகியிருந்தால் உள்ளே சிமென்ட் இருக்கிறது. நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பும் இறுகும், ஆனால் மெதுவாக. சேர்மான விவரத் தாளைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

தொட்டிச் சுண்ணாம்பு மலிவு, நம்பகம். ஆனால் மேற்பார்வை வேண்டும். சுட்ட கல்லாகவோ கிளிஞ்சலாகவோ வாங்கி, இடத்திலேயே தண்ணீர் விட்டு நீற்ற வேண்டும். நல்ல சரக்கை ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் சீறிக் கொதித்து முழுக்கக் கரையும். அடியில் கரையாத கட்டி நிறைய நின்றால் வேகாத சரக்கு. கொஞ்சம் வினிகர் விட்டால் பொங்கி நுரைத்தால், ஏற்கனவே காற்றுப்பட்டுச் செத்த சுண்ணாம்பு. பழவேற்காட்டுக் கிளிஞ்சல் என்று சொல்லி விற்றால், எங்கே அள்ளியது என்று ஆவணம் கேளுங்கள். அந்த ஏரி பறவைகள் சரணாலயம். நீற்றிய சுண்ணாம்பைச் சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது பத்து நாள் ஊற விட வேண்டும். ஒரு மாதம் ஊறினால் இன்னும் நல்லது. ஊறாமல் பூசிய சுண்ணாம்பு, சுவரில் ஏறிய பிறகு நீறும். பூச்சில் சின்னச் சின்னக் கொப்புளம் வெடித்துக் குழி விழுவது அதனால்தான். நீற்றும்போது கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் எந்தச் சித்தாளையும் தொட்டிப் பக்கம் விடக் கூடாது. கண்ணில் தெறித்தால் பார்வை போகும்.

அடிப் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சேர்மானம். அந்த மூன்றில் ஒரு பங்கு செங்கல் தூள், மிச்சம் கழுவிய மணல். செங்கல் தூள், நன்றாகச் சிவந்த, கருகாத செங்கல்லில் இடித்ததாக இருக்க வேண்டும். கருகிய செங்கல் தூள் சுண்ணாம்போடு சேர்ந்து வினைபுரியாது. கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு பத்துப் பதினைந்து நாள் ஊறவைத்த தண்ணீரில் குழைப்பது வழக்கம். பாரிமுனை நாட்டு மருந்துக் கடைகளில் கடுக்காய் கிடைக்கும். வெல்லம் கூடினால் நல்லது என்று அள்ளிப் போடுகிறார்கள். சர்க்கரை மிஞ்சினால் சாந்து இறுகத் தாமதமாகும், எறும்பு வரும், பூஞ்சையும் பிடிக்கும். ஒரு கை அளவுச் சோதனைப் பூச்சு பூசிப் பார்த்து அளவை முடிவு செய்வதே சரி.

பூச்சு ஒரே தடவையில் ஒரு அங்குலம் ஏறக் கூடாது. அடிப் பூச்சு 12 மில்லிமீட்டர், அடுத்தது 6 முதல் 8, கடைசியாக மெல்லிய சன்னச் சாந்து. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி. அந்த ஒரு வாரமும் ஈரக் கோணி கட்டி, தண்ணீரைப் பனிபோலத் தெளித்து வர வேண்டும். சிமென்ட்டுக்குப் பீய்ச்சுவதைப்போல ஓஸ் பைப்பில் அடித்தால் சுண்ணாம்பு கழுவிக்கொண்டு போய்விடும். கத்திரி வெயிலில் பூசினால் மேல்தோல் சட்டென்று காய்ந்து வலை வலையாக வெடிக்கும். ஐப்பசி மழையில் பூசினால் இறுகாது. தை, மாசி, பங்குனிதான் காலம். டெண்டர் தேதியை இந்த மாதங்களைப் பார்த்து வைக்க வேண்டும்.

மதிப்பெண்: தேறிய கொத்தனாரோடு தொட்டிச் சுண்ணாம்பு, ஐந்துக்கு நாலரை. சேர்மானத் தாளோடு வரும் ரெடிமிக்ஸ், ஐந்துக்கு மூன்றரை. தாளில்லாத மூட்டைக்கு மதிப்பெண் இல்லை.

கூரை

மெட்ராஸ் டெரஸ் கூரையை அறிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கிய வரிசை, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்த மெத்தை, எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு. ஒழுகினால் இன்று எல்லோரும் அழைப்பது வாட்டர்ப்ரூஃபிங் ஆட்களை. அவர்கள் தார் மெம்பரேனை உருக்கி ஒட்டுவார்கள், அல்லது ரப்பர் பெயின்ட் அடிப்பார்கள். கான்கிரீட் தளத்துக்கு அது பொருத்தம். இந்தக் கூரையில், ஏற்கனவே ஜல்லி மெத்தைக்குள் இருக்கும் ஈரம் மேலே போக முடியாமல் கீழே தேக்குக் கட்டைக்கு இறங்குகிறது. கட்டை முதலில் மட்குவது கண்ணுக்குத் தெரியும் நடுப்பகுதியில் அல்ல. சுவருக்குள் செருகியிருக்கும் முனையில்தான். பத்து ஆண்டு உத்தரவாதத் தாள் கையில் இருக்கும்போதே கட்டை முனை மட்கிக்கொண்டிருக்கும்.

சரியான வேலை மெதுவானது. உடைந்த தட்டோட்டை மாற்றி, இடுக்குகளைச் சுண்ணாம்பு, செங்கல் தூள், கடுக்காய்த் தண்ணீர்ச் சாந்தில் அடைத்து, மழைநீர் வாட்டத்தைச் சரிசெய்து, வடிகுழாய் வாயை அகலப்படுத்துவது. மாடியில் முளைக்கும் ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் பிடுங்கினால் வேர் உள்ளேயே நின்று மீண்டும் தழைக்கும்; வெட்டிய முனையில் களைக்கொல்லி தடவி, வேர் செத்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டையின் முனையையும் ஏணி போட்டு ஏறி, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டையைக் குறித்துவைத்து, பொறியாளரைக் கூப்பிட வேண்டும். முனை மட்டும் போயிருந்தால் இரும்புத் தாங்கி வைத்துக் காப்பாற்றலாம், முழுக் கட்டையையும் மாற்றத் தேவையில்லை.

மெம்பரேனுக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் கழிப்பறைத் தளத்துக்குத்தான். ஃபால்ஸ் சீலிங்கை இந்தக் கட்டடத்தில் போடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒழுகலும் கறையானும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். உயரத்தில் உள்ள காற்றுத் துளைகளும் மூடிப்போகும்.

அலமாரி

வடசென்னையில் மிக எளிதாகக் கிடைப்பது துளையிட்ட ஆங்கிள் ரேக். நட்டு போல்ட்டில் முடுக்கி, ஒரே நாளில் நிற்க வைத்துவிடுவார்கள். குடோனுக்கு அது நல்ல சரக்கு. நூலகத்தில் மூன்று குறை: ஆங்கிளின் விளிம்பு புத்தக அட்டையைக் கீறும், குறுக்குப் பட்டை போடாவிட்டால் ஆடும், வெட்டிய முனையில் பெயின்ட் இல்லாததால் உப்புக் காற்றில் ஓராண்டுக்குள் துரு வடியும். அம்பத்தூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் நூலகத்துக்கென்றே செய்யச் சொன்னால் விலை கூடும், கூடட்டும். கேட்க வேண்டியவை: தட்டு 18 கேஜ் தகடு, 900 மில்லிமீட்டர் நீளம், முன்னும் பின்னும் விளிம்பு மடித்தது, தட்டின் உயரத்தை மாற்றும் வசதி, வெட்டித் துளையிட்டு முடித்த பிறகு கழுவி பாஸ்பேட் ஏற்றிய பவுடர் கோட்டிங். பெயின்ட் அடித்த பிறகு துளை போடும் பட்டறையில் ஆர்டர் கொடுக்காதீர்கள். சோதிக்க, ஒரு தட்டில் 40 கிலோ எடையை ஒரு நாள் முழுக்க வைத்து, நடுவில் நூல் பிடித்துத் தொய்வைப் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் தொய்ந்தால் திருப்பி அனுப்புங்கள்.

எடைக் கணக்கை யாரும் பொறியாளர் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போக வேண்டாம். நூலகரே போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய புத்தகம் சராசரியாக 35 கிலோ. இருபக்கமும் புத்தகம் வைக்கும், பக்கத்துக்கு ஆறு தட்டுள்ள, 900 மில்லிமீட்டர் அலமாரி ஒன்றில் 12 தட்டு. 380 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அலமாரியின் எடையையும் சேர்த்தால் 430 கிலோ அளவு. கட்டட எடைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி, புத்தக அடுக்கறைக்கு 2.2 மீட்டர் உயரம் வரை ஒரு சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன், அதாவது 600 கிலோ அளவுக்குத் தளம் தாங்க வேண்டும் என்கிறது. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு 2 கிலோநியூட்டன். சிப்பாய்கள் படுத்துறங்கக் கட்டிய தேக்குக் கட்டை மாடி அந்த எடையைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. தண்டவாளத்தில் நகரும் காம்பாக்டர் அலமாரி, நடைவழியை ஒழித்துப் புத்தகத்தை நெருக்குவதால், எடை இன்னும் ஏறக்குறைய ஒரு மடங்கு கூடும். அதை மாடியில் வைக்கச் சொல்லும் விற்பனையாளருக்குக் கட்டடத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

அப்படியானால் புத்தகம் எல்லாம் தரைத்தளத்தில், வாசிப்பு மேசை மாடியில் என்று முடிவு கட்டத் தோன்றும். வடசென்னையில் இங்கேதான் சிக்கல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது; எண்ணூர்ப் பக்கத்தில் எண்ணெயோடு வந்தது. எடை கீழே இறங்கச் சொல்கிறது, வெள்ளம் மேலே ஏறச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே செய்யக்கூடியது இதுதான்: கட்டடத்தில் 2015இலும் 2023இலும் தண்ணீர் நின்ற குறியைத் தெருக்காரர்களிடம் கேட்டு அளந்து, கடைசித் தட்டு அதற்கு மேல் இருக்கும்படி அலமாரிக்கு உயரக் கால் வைப்பது. அந்தக் குறி இல்லாத இடத்திலும் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அபூர்வ நூல்களையும் பழைய இதழ்த் தொகுதிகளையும், எண்ணிக்கையில் குறைவென்பதால், மாடியில் வைக்கலாம். வரிசையைக் கட்டைகளுக்குக் குறுக்காக நிறுத்தினால் எடை பல கட்டைகளுக்குப் பிரியும். கட்டைக்கு இணையாக நிறுத்தினால் ஒரே கட்டை முழு வரிசையையும் சுமக்கும். யுபிஎஸ் பேட்டரியைத் தரையில் வைப்பதை எந்த நிலையிலும் ஏற்க வேண்டாம்.

வெளிச்சுவரிலிருந்து அலமாரி 15 சென்டிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். இடம் வீணாகிறதே என்று ஒட்டி நிறுத்தும் அலமாரியின் பின்பக்கத்தில்தான் பூஞ்சை தொடங்கும். நடைவழி 1,200 மில்லிமீட்டர் இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். 900க்குக் கீழே குறைத்தால் போக முடியாது.

பட்டறை அலமாரிக்கு நாலு. ஆங்கிள் ரேக்குக்கு இரண்டு. காம்பாக்டர், தரைத்தளத்தில் புது அடித்தளத்தோடு மட்டும், மூன்று.

ஏசியும் ஈரமும்

2024இல் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்ற படிப்பகமும் பணியிடமும் வந்த பிறகு, வடசென்னை வாசகரின் எதிர்பார்ப்பு மாறியிருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஏசி, வைஃபை, சார்ஜிங் பாயின்ட் எல்லாம் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். ஆனால் புதுக் கட்டடத்தில் ஏசி போடுவதும் இங்கே போடுவதும் ஒன்றாகாது.

வெளியே 32 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்றால், அந்தக் காற்றிலுள்ள நீர் 26 டிகிரியில் திவலையாகிவிடும். அறையை 22க்குக் குளிர்விக்கிறீர்கள். சுவரும் அலமாரியும் புத்தகமும் 22க்கு இறங்குகின்றன. மாலையில் ஏசியை நிறுத்திக் கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே வந்து அந்தக் குளிர்ந்த பரப்பில் எல்லாம் வேர்க்கிறது. நாள்தோறும் இப்படி நனைந்து காயும் புத்தகம், ஏசியே இல்லாத அறையில் இருக்கும் புத்தகத்தைவிடச் சீக்கிரம் கெடும். ஆகவே 26 அல்லது 27 டிகிரியில் வைத்து, மின்விசிறியைச் சேர்த்து ஓட்டுங்கள். வாசிப்புக் கூடத்துக்கு மட்டும் ஏசி, புத்தக அடுக்குக்கு ஈரநீக்கி என்று பிரிப்பதே நல்லது.

ஏசி கடைக்காரர் சதுர அடியைக் கேட்டு டன் கணக்குச் சொல்வார். உயரமான கூடம் என்று பார்த்து இன்னும் ஒரு டன்னைக் கூட்டுவார். அளவுக்கு மிஞ்சிய ஏசி சீக்கிரமே குளிர்வித்து நின்றுவிடும். நீரை இழுக்க நேரம் கிடைக்காது. அறை சில்லென்று, ஆனால் பிசுபிசுவென்று இருக்கும். சிறிய யூனிட்டுகள் இரண்டாகப் போட்டு, தொடர்ந்து ஓடவிடுவது மேல். ஈரநீக்கி வாங்கும்போது, "நாளுக்கு இத்தனை லிட்டர்" என்ற எண், 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் அளந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 60 சதவீதத்தை நெருங்கும்போது பாதியளவே இழுக்கும். தொட்டி நிறைந்தால் நின்றுபோகும் மாடல் விடுமுறை நாளில் பயன்படாது. குழாய் போட்டு வெளியே வடிக்கும் மாடலை வாங்குங்கள். இலக்கு 55 சதவீதம். 65ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பூஞ்சை உறுதி. ஈரப்பதம் பதிவுசெய்யும் சின்னக் கருவிகள் நாலைந்து வாங்கி அலமாரிகளுக்குப் பின்னால் வைப்பது, மொத்தத் திட்டத்திலும் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தரும் பொருள். அதற்கு முழு ஐந்து.

சுவர் ஈரமா, காற்றீரமா என்று குழப்பம் வந்தால், ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நனைந்தால் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்தால் காற்றிலிருந்து. உப்புள்ள சுவரில், ஈரம் அளக்கும் ஊசிக் கருவி எப்போதும் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை வைத்து, ஓதத்தைத் தடுக்கச் சுவருக்கு ரசாயன ஊசி போட விலை சொல்பவர்களிடம் இந்தத் தாளைக் காட்டலாம்.

மின்சாரம், மருந்து, தீ

சுவரில் காடி வெட்டி வயர் புதைக்க வேண்டாம். வெளியே தெரியும்படி உலோகக் குழாயில் நேர்கோட்டில் ஓட்டினால் இந்தக் கட்டடத்துக்கு அழகாகவே இருக்கும். திருகாணி சாந்து இடுக்கில்தான் இறங்க வேண்டும், செங்கல்லில் கூடாது. ஈரச் சுவர் என்பதால் ஒவ்வொரு பிரிவுக்கும், மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். மேசையில் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம், அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்களின் முதுகில் 150 லக்ஸ் கிடைத்தால் போதும். நடைவழிக்கு நடுவில், வழியின் நீளத்துக்கே விளக்கு ஓட வேண்டும். குறுக்கே போட்டால் அலமாரியின் நிழலில் எண் தெரியாது.

கறையான் மருந்துக்கு வருகிறவர்கள், சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, 12 மில்லிமீட்டர் விட்டம், துளைக்கு ஒரு லிட்டர் மருந்து என்ற கணக்கில் செய்ய வேண்டும், ஐ.எஸ். 6313 மூன்றாம் பகுதி சொல்வது அது. இமிடாக்ளோப்ரிட் 30.5 என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. மூடியை உங்கள் கண்ணெதிரில் திறந்து கலக்கச் சொல்லுங்கள். பால் போல வெளுத்த தண்ணீரைக் கேனில் கொண்டுவந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சுவர் இரண்டடிக்கு மேல் பருமன் என்பதால் உள்ளே மட்டும் போட்டால் போதாது, வெளிப்பக்கமும் வேண்டும். புத்தகங்கள் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

தீயணைப்பான் விற்பவர்கள் எதற்கும் ஏ.பி.சி. பவுடர் சிலிண்டரைத்தான் நீட்டுவார்கள். சின்னத் தீயை அது அணைக்கும். ஆனால் அந்த மஞ்சள் தூள் பக்கங்களுக்கிடையில் புகுந்து, ஈரம் பட்டால் அமிலமாகி, காகிதத்தையும் கணினியையும் அரிக்கும். காகிதத் தீக்கு நீர் சிலிண்டரும் மின்பெட்டிக்குக் கார்பன் டை ஆக்சைடும் சரி. அபூர்வ நூல் அறைக்கு மட்டும் எச்சம் விடாத வாயு வகை.

ஆர்டர் கொடுக்கும் வரிசைக்கு வருவோம். கூரையும் வடிகுழாயும் முதலில். ஒரு பருவமழையைக் காணட்டும். பிறகு சிமென்ட் கொத்துவது, உப்பு எடுப்பது. சுவர் ஒரு வெயில் காலம் ஆறிய பிறகு, தை பிறந்ததும் சுண்ணாம்பு. பூச்சு முடிந்து ஆறு வாரத்துக்குப் பிறகு வயரும் கறையான் மருந்தும். அலமாரி ஆர்டரைப் பூச்சு தொடங்கும்போதே கொடுத்தாலும், இறக்குவதை வயர் வேலை முடியும் வரை தள்ளி வையுங்கள். சாரம் பிரிக்காத கூடத்தில் நிற்கும் புது அலமாரிதான் முதல் கீறலை வாங்கும். பணத்தை ஒவ்வொரு பூச்சுக்கும் தனித்தனியாகப் பிரித்து, பத்தில் ஒரு பங்கை அடுத்த கார்த்திகை கழியும் வரை நிறுத்தி வைத்துக்கொள்வதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தன் வேலையில் நம்பிக்கையுள்ள மேஸ்திரி அதற்குக் கையெழுத்துப் போடுவார்.